முதலமடைக் கிணற்றில் ஒரு செயல்விளக்கம்

மாம்பழக் காலத்தில் முதலமடைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் லாரிகள் சாலையை அடைத்துக்கொள்ளும். துணைவேந்தரின் டிரைவரிடம் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தேன். அவர் கேட்கவில்லை. பழியை அவர்மேல் போடுவதற்காகச் சொல்லவில்லை. வாக்குமூலத்தில் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னீர்கள் நீங்கள்.

என் பெயர் வெங்கிடாசலம். ஊர் கல்பாத்தி. பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புத் துறைக்கு நான்தான் பொறுப்பு. பலர் அதை வாட்ச்மேன் வேலை என்று நினைக்கிறார்கள். லேபில் அமிலம் கையாள்வதானாலும் காந்தலூர் மலைச்சரிவில் மண் எடுப்பதானாலும், ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகள் உயிரோடு திரும்பி வருவதற்கான ஏற்பாடு எங்களுடையது. கயிறு, தலைக்கவசம், காற்றைச் சோதிக்கும் மீட்டர் எல்லாம் கொடுப்போம். தேவைப்பட்டால் நானே கூடப் போவேன். என் காலத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதுவே சிக்கலாகிவிட்டது. ஒன்றுமே ஆகாத இடத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். வளாகத்துக்கு வெளியே நடக்கும் வேலைகளுக்கு இனி எங்கள் துறை வேண்டாம் என்று முடிவாகவிருந்தது. நாங்கள் இல்லாமல் பிள்ளைகள் மலையேறினால், கிணற்றில் இறங்கினால், எத்தனை பேர் சாவார்கள்? அதைத்தான் யோசித்தேன்.

ஆகவே ஒரு விபத்து தேவைப்பட்டது. சின்னதாக. ஒருவர் மயங்க வேண்டும், பெரியவர்கள் பார்க்க நாங்கள் அவரைக் காப்பாற்ற வேண்டும்.

தமிழ்ப்ரியா தேவிகுளத்து எஸ்டேட் பெண். நிலத்தடி நீரில் ஆராய்ச்சி செய்கிறாள். ரத்தினசாமியின் மாந்தோப்பில் இருந்த பாழுங்கிணற்றின் அடிமண் அவளுக்கு வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட கிணறுகளில் கெட்ட காற்று தேங்கி நிற்கும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. துணைவேந்தர் பார்வையிட வரும் நாளாகப் பார்த்து அந்த வேலையை வைத்தேன். கொண்டுபோன மீட்டர் ஏற்கெனவே பழுதானது. கரியமில வாயுவையே அதன்மேல் பாய்ச்சிப் பார்த்திருக்கிறேன், அப்போதும் பச்சை விளக்குதான் எரிந்தது. நல்ல மீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

தமிழ்ப்ரியாதான் இறங்குவதாக இருந்தது. தோப்பில் வேலை செய்யும் நஞ்சப்பன் விடவில்லை.

"அந்தப் புள்ளைய எறக்காதீங்க சார். நா இந்தக் கெணத்துல தூரெடுத்தவனுங்க, எனக்குப் பழக்கமுங்க."

நான் தடுக்கவில்லை. மீட்டரைக் கட்டி இறக்கிக் காட்டினேன். பச்சை. நஞ்சப்பனின் தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டி, கயிற்றை நானே கோத்தேன். கிணற்றின்மேல் மூன்று கால் சட்டமும் கப்பியும் நிறுத்தியிருந்தோம், கைப்பிடியை ஒருவர் சுற்றினாலே ஆள் மேலே வந்துவிடுவார். ரத்தினசாமி துணைவேந்தரை அழைத்துவர ரோட்டுக்குப் போயிருந்தார். போகச் சொன்னது நான்.

"மண்ணு எந்தப் பக்கம் எடுக்கோணுமுங்க?" என்று இறங்கி முடித்த நஞ்சப்பன் கீழிருந்து கேட்டார். தமிழ்ப்ரியா சொன்னாள். பதில் வரவில்லை.

"சார், அண்ணே சாஞ்சுட்டாரு. தூக்குங்க சார்."

"பதறாதே" என்றேன்.

காரைக் காணவில்லை. போன் செய்தேன். லாரிகளுக்கு நடுவில் நிற்பதாகவும் இதோ வந்துவிடுவதாகவும் டிரைவர் சொன்னார். கைப்பிடி என் கையில்தான் இருந்தது. கீழே நஞ்சப்பனின் கால் அசைந்தது. இன்னும் கொஞ்சம் தாங்குவார் என்று நினைத்தேன்.

தமிழ்ப்ரியா கைப்பிடியைப் பிடுங்கப் பார்த்தாள். முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றின் படிக்கல்லில் கால் வைத்தாள். நான் கப்பியைப் பூட்டிவிட்டு அவளைப் பிடித்து இழுத்தேன்.

"ரெண்டாவது ஆள் எறங்கப்படாது. வகுப்புலேயே சொல்லியிருக்கேனோல்யோ?"

"அப்ப நீங்க தூக்குங்க சார். கயிறு ஒங்ககிட்டதான இருக்கு."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லும் நேரம் அதுவல்ல.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் சுற்றத் தொடங்கினேன். சீராக, தலை கல்லில் இடிக்காமல். துணைவேந்தர் பார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சப்பனைத் தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினேன். முறைப்படிதான் செய்தேன். அதற்கு முன்பே அவர் உயிர் போய்விட்டிருந்தது. அவர் மனைவி மருதாத்தாள் ஓடிவந்து, பட்டையை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். நான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

வீட்டில் என் மனைவி பர்வதம் கேட்டாள். "ஏன்னா, கூட வந்த பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலை" என்றேன். மோர்சாதம் போட்டாள். சாப்பிட்டேன்.

துறையை ஒடுக்கும் பேச்சு நின்றுவிட்டது. வெளி வேலைகளுக்குக் கூடுதல் ஆட்கள் எடுக்கப்போகிறார்கள்.

தமிழ்ப்ரியா உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. பழுதான மீட்டர் என்று தெரிந்தே இறக்கினேன். தூக்க முடிந்தும் தூக்காமல் நின்றேன். நஞ்சப்பனைக் கொன்றது நான்தான், சந்தேகம் வேண்டாம். ஆனால் அவள் ஒன்றை விட்டுவிட்டாள். அவளும் இறங்கியிருந்தால் செத்திருப்பாள். அன்று அந்தக் கிணற்றடியில் ஓர் உயிரைக் காப்பாற்றியவன் நான் ஒருவன்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.