பெயினா, ஏக்கா?

எந்திரிக்காதீங்க சார், படுங்க. அருவி எங்கயும் ஓடிராது. இப்பதான் எண்ணயே மேலுல ஊறுது. இங்கன அமுக்குனா வலிக்குதா? பெயினா, ஏக்கா?

ஏன் சிரிக்கீங்க? குத்தாலத்துல மசாஜ் பண்ணுதவனுக்கு இங்கிலீஷ் வரக்கூடாதா? போன சீசன்ல மெட்ராஸ் டாக்டர் ஒருத்தரு இதே பலகையில குப்புறப் படுத்துக்கிட்டு சொல்லித் தந்தாரு. சுருக்குனு குத்துனா பெயினு. விடாம உள்ளுக்குள்ளயே முனகிட்டுக் கெடந்தா ஏக்கு. நம்ம ஏக்கத்துல பாதிய வெட்டி வச்சிருக்கான் வெள்ளக்காரன்.

ஒங்களுக்கு ஏக்குதான். காலேஜ்ல இங்கிலீஷ் வாத்தியாருங்கீங்க, பேப்பர் திருத்தித் திருத்தி தோள்பட்ட கட்டையாப் போச்சு. எத்தன பிள்ளையள பெயிலாக்குனீங்களோ, அம்புட்டு பேரு சாபமும் இங்கனதான் உக்காந்திருக்கு. கோவப்படாதீங்க, எறக்கி விட்டுருதேன்.

அது சரி, ஒரு பொருளுக்கு எதுக்கு சார் ரெண்டு வார்த்த வைக்கான்? இந்த ஹோப்பு, விஷ்ஷு, ரெண்டும் ஆசப்படுததுதான? ஒண்ணா, வேறயா?

எதுக்கா? சொல்லுதேன். எம் மூத்தவ வேல்விழி அயர்லாந்துல நர்சா இருக்கா. சின்னவ நிவேதாவுக்கு ஆவணில கல்யாணம். மேலகரத்துல மண்டபம் பிடிச்சாச்சு. அக்கா வருவாள்லா, கூட்டியார திருவனந்தபுரம் ஏர்போட்டுக்கு காரு கூட சொல்லிட்டேன். போன வாரம் போன்ல எழுதி ஒரு தாக்கல் அனுப்புனா. ஐ விஷ் ஐ குட் கம்னு. விஷ்னா ஆச, கம்னா வாறது. வர ஆசயா இருக்குங்கா பிள்ளன்னு வீட்டுல படிச்சுக் காட்டிட்டேன். எங்க வீட்டம்மா அப்பவே அந்தானைக்கு, மூத்தவளுக்குப் பிடிக்கும்னு முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு பயறு வறுக்க உக்காந்துட்டா. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு சார்!

ம். நடக்கும்னு ஆசப்பட்டா ஹோப்பு. நடக்காதுன்னு தெரிஞ்சே ஆசப்பட்டா விஷ்ஷு. அப்படியா.

அட, நீங்க ஏன் மொகத்த இப்படி வைக்கீங்க? எனக்கும் தெரியும் சார். போன்ல எப்பவும், ஏப்பா சாப்பிட்டியான்னு தமிழ்ல கேக்குதவ, இத மட்டும் இங்கிலீஷ்ல எழுதிட்டாள்லா. லீவு கெடைக்கலையோ என்னமோ, வரலன்னு தமிழ்ல சொல்ல அவளுக்கு வாய் வரல. அப்பமே புரிஞ்சுட்டு. இந்தச் சாரல்ல இங்கன வந்து படுத்த இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளுவ எல்லார்ட்டயும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒருத்தராவது மாத்திச் சொல்லிர மாட்டாங்களான்னுதான்.

பைய மல்லாந்து படுங்க. வீட்டுல இன்னும் சொல்லல சார். அவ பாட்டுக்கு பயறு வறுத்துக்கிட்டிருக்கா.