துவைத்த பிறகு எடுத்த படம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்க ஒப்புக்கொண்ட ஊரிகம் வணிகர் சங்கத் தலைவர் மஞ்சுநாத் அவர்களே, பெங்களூரிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் நம் முதலீட்டாளர்களின் பிரதிநிதி விநாயக் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டென்னிஸ் அவர்களே, ஸ்கெலட்டன் குடியிருப்பிலிருந்தும் ஊரிகம் சுரங்க லைன் வீடுகளிலிருந்தும் வந்திருக்கும் சலவைப் பிரிவுச் சகோதரிகளே, எல்லோருக்கும் முனிரத்தினத்தின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதன் பிறகு 'ஊரிகம் உடுப்பு' என்னும் நம் இணையத் துணிக்கடைக்கு மேலாளராக வந்தேன். அந்தக் கடையை உண்டாக்கியவரும் அதன் விற்பனை இயக்குநருமான திருமதி ஐடா டென்னிஸ் அவர்கள், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுப் போன வாரம் காலமானார். அவரைப் புகழ்ந்து பேசும்படி கேட்டிருக்கிறார்கள். அவர் எடுத்த முடிவுகளில் முக்கால்வாசியை எதிர்த்தவனை ஏன் கேட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டுவிட்டார்கள், பேசுகிறேன்.

ஐடா அவர்கள் முதலில் பெங்களூரில் ஒரு பெரிய இணையத் துணி நிறுவனத்தில் புகார் கேட்கும் பிரிவில் இருந்தார். காலை ரயிலில் போவார், ராத்திரி ரயிலில் திரும்புவார். நாள் முழுக்க அவர் காதில் விழுந்தது ஒரே பாட்டு. சாயம் போகிறது, சுருங்கிவிட்டது, படத்தில் பார்த்தது வேறு, கைக்கு வந்தது வேறு. கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் காது மரத்துப் போயிருக்கும். அவருக்கு ஒரு யோசனை வந்தது.

என்ன யோசனை? ஊரெல்லாம் புதுத்துணியைப் படம் எடுத்து விற்கிறது. இவர் துவைத்த துணியைப் படம் எடுத்து விற்றார். சரக்கு வந்ததும் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றை எடுத்து, நம் போர்வெல் தண்ணீரில் மூன்று முறை துவைத்து, வெயிலில் காயவைத்து, அதைத்தான் இணையத்தில் போட வேண்டும். வாங்குகிறவருக்குப் போவது புதுசு, அவர் பார்ப்பது பழசு. உலகத்தில் எந்த வியாபாரியாவது தன் சரக்கைத் தானே மங்கலாகக் காட்டுவானா? கேட்டேன். முதல் நாளே கேட்டேன். மங்கின படத்தை யாரும் தொட மாட்டார்கள், போட்ட முதல் கரைந்துவிடும் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தொடறவங்க கம்மியாவே இருக்கட்டும் சார். தொட்டவங்க திருப்பி அனுப்பாம இருந்தா போதும், நம்ம கடை நிக்கும்" என்றார்.

அவ்வளவுதான் அவருடைய வியாபார உத்தி. விளம்பர நிறுவனங்கள் படம் படமாகப் போட்டு விளக்குவதை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். இணையத் துணி வியாபாரத்தில் நஷ்டம் என்பது விற்காத துணியில் இல்லை, விற்றுத் திரும்பி வருகிற துணியில் இருக்கிறது. போக ஒரு கூலி, வர ஒரு கூலி, பிரித்த பொட்டலம் வேறு. அது எனக்கும் தெரியும். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அவருடைய முறை எப்போதும் சரியாக நடந்தது என்று சொன்னால் அது பொய். ஒரு பங்குனியில் வெள்ளைக் குர்த்தி வந்தது. துவைத்துக் கொடியில் போட்டார்கள். நம் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டு மண் பறந்து வந்து துணி மேலெல்லாம் படிந்தது. நமக்கு அது பழகிப்போன விஷயம், ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். இளமஞ்சளில் அழகாக இருக்கிறதென்று ஓசூரிலும் ஹூப்ளியிலும் வாங்கித் தள்ளினார்கள். போய்ச் சேர்ந்தது பால் வெள்ளை. அத்தனையும் திரும்பி வந்தது. படத்தில் இருந்த அந்த நிறம்தான் வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். அந்த நிறத்தை நான் எங்கே போய் வாங்குவேன்!

நான் மேசையைத் தட்டினேன். இனிமேலாவது விட்டுவிடுங்கள் என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதே படத்தைத் திரும்பப் போட்டு அடியில் எழுதினார்: 'இது எங்கள் ஊர்ப் புழுதி. உங்கள் ஊரில் இந்தத் துணி வெள்ளையாகவே இருக்கும்.' திருப்பி அனுப்பியவர்களில் பலர் மறுபடி வாங்கினார்கள். இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று விநாயக் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தீபாவளி நேரத்தில் எல்லாக் கடையும் கடைசி நிமிடம் வரை விற்கும். ஐடா அவர்கள் பத்து நாளுக்கு முன்பே ஆர்டரை நிறுத்திவிடுவார். கூட்டம் வரும்போது கதவைச் சாத்துகிறவர் வியாபாரியா என்று அதற்கும் கத்தினேன். பண்டிகை முடிந்து போய்ச் சேரும் பண்டிகைத் துணியை யார் உடுத்துவார்கள் என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கத்துகிறவனை அவர் ஒருநாளும் வேலையை விட்டு அனுப்பவில்லை. எதிர்த்துப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

இப்போது இருக்கும் நிலைமையை மறைக்காமல் சொல்கிறேன். இந்தத் தீபாவளிச் சரக்கு வந்து கிடங்கில் இருக்கிறது. துவைப்பதை நிறுத்திவிட்டு, சரக்கு அனுப்பியவர்கள் தரும் படங்களையே போடலாம் என்று விநாயக் அவர்கள் சொல்கிறார். மரியாதையாகத்தான் சொன்னார், கணக்கும் காட்டினார். அந்தக் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. நிறுத்தினால் சலவைப் பிரிவு இருக்காது. ஐடா அவர்களின் பங்குக்கான ஓட்டை அவர் கணவர் டென்னிஸ் என்னிடம் விட்டுவிட்டார். அதோடு கடையில் எனக்கிருக்கும் பங்கும் சேர்ந்தால் முடிவு என் கையில்.

அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் நின்றபோது, சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ரத்தினம்மா என் பக்கத்தில் வந்தார். "இன்னா சார், திங்கக்கெழம நாங்க வரணுமா, வேணாமா? அத்த மட்டும் சொல்லிடுங்க" என்றார். நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

இந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தேன். ஐடா அவர்கள் இல்லாமல் அந்த அறை எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் வாதம் ஒவ்வொன்றும் பலமாகத் தெரிந்தது. மறுத்துப் பேச ஆளில்லை. பல வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததை ஒரு கையெழுத்தில் நடத்திவிடலாம். எழுதுகோலை எடுத்தும்விட்டேன். அப்போதுதான் தோன்றியது, எதிரில் ஆள் இல்லாத வழக்கில் ஜெயித்து என்ன செய்யப்போகிறேன்? அவர் உயிரோடு இருந்தபோது ஒருமுறைகூட நான் ஜெயிக்கவில்லை. அவர் போன பிறகு ஜெயிப்பதை ஜெயிப்பது என்று சொல்ல மாட்டார்கள்.

ஆகவே இந்தச் சபையின் முன்னால் உறுதி சொல்கிறேன். ரத்தினம்மா, திங்கட்கிழமை எல்லோரும் வாருங்கள். வந்த சரக்கைத் துவைப்போம், துவைத்ததையே காட்டுவோம், பத்து நாளுக்கு முன்பே கதவைச் சாத்துவோம். விநாயக் அவர்களே, மன்னிக்க வேண்டும், என் ஓட்டு இதற்குத்தான்.

இதனால் அவர் சொன்னதே சரி என்று நான் ஏற்றுக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மங்கின படம் விற்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இந்தத் தீபாவளியில் நான் நினைப்பது தப்பாகப் போக வேண்டும். வணக்கம்.