முதல் கிண்ணம் சிப்பி

சிப்பியை மண் போகக் கழுவுவதற்குப் பொறுமை வேண்டும், சார். எனக்கு அது உண்டு. விழிஞத்தில் ஓமனா சேச்சியின் ஹோட்டலில் பதினான்கு வருஷமாகச் சமைக்கிறேன். பேர் லிங்கராஜ், மார்த்தாண்டம் பக்கம்.

பிரஜினும் எங்கள் ஊர்க்காரன்தான். வேலைக்குக் கூட்டிவந்தவனே நான். ஒரே வருஷத்தில் சிப்பி வறுவல் அவன் கைக்குப் போய்விட்டது. சாப்பிட வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே, "பிரஜின் உண்டோ?" என்று கேட்பார்கள், அதுவும் என்னிடமே. எனக்கு வயிறு எரிந்தது. அதை ஒளிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மீன்துறை ஆபீசிலிருந்து போன் வந்தது. எடுத்தது நான். கடலில் பாசி பெருகிச் சிவந்திருக்கிறது, அதன் விஷம் சிப்பியில் ஏறியிருக்கிறது, வேகவைத்தாலும் போகாது, விற்காதீர்கள் என்றார்கள். சரி என்று வைத்துவிட்டேன்.

அதற்குள் முங்கிச் சிப்பி எடுக்கிறவர்கள் ஒரு கூடையை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பிரஜினுக்குச் சந்தேகம்.

"அண்ணே, கடலு செவந்து கெடக்கே. இத எடுக்கலாமா?"

"நல்லா வேகவச்சா ஒண்ணும் செய்யாது மக்கா," என்றேன்.

கடல் பண்டம் எதுவானாலும், சமைத்தவன் ஒரு கிண்ணம் தின்று ஒரு மணி நேரம் கழிந்த பிறகே மேசைக்குப் போகும். அது சேச்சி வைத்த சட்டம். பதினோரு மணிக்குப் பிரஜின் தின்றான். எனக்கும் நீட்டினான். வயிறு சரியில்லை என்றேன். பொய் சொல்லவில்லை.

அரைமணி நேரத்தில், "ஒதடு மரத்துப்போச்சுண்ணே," என்று சிரித்தான். வெந்நீர் குடிக்கச் சொன்னேன். பிறகு கை எழவில்லை, பேச்சு குழறியது. ஆட்டோ கூப்பிட நான் அவசரப்படவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றது. சிப்பி விஷம் என்று டாக்டர் சொன்னார்.

இப்போது கல்லாவுக்கு மேலே அவன் படம் மாட்டியிருக்கிறது. தான் முதலில் தின்று, அன்று மத்தியானம் சாப்பிட வந்த முப்பது பேரைக் காப்பாற்றிய பிள்ளை என்று சேச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். அவர்களும் படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். எத்தனை நாள் பொறுப்பது? அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மிச்சச் சிப்பியை யாருக்கும் பரிமாறாமல் குழி தோண்டிக் கொட்டியவனும் நான்தான். முப்பது பேரைக் காப்பாற்றியது யார் என்கிற இடத்தில் என் பேரைப் போடுங்கள், சார்.