கிணற்றுப் பங்கு துடைத்தவன்

பகல் பன்னிரண்டு மணி. இரவில் கூடியிருந்து கேட்கிற கதைக்குப் பகல் மணியா என்று சிரிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து வலிகாமத்துத் தோட்டக் காணிகளில் உச்சி வெயிலும் நடுச்சாமமும் ஒன்றுதான். வெளியில் ஒரு சனம் இராது. விளக்கைத் தணித்துவிட்டுக் கொஞ்சம் நெருங்கி இருங்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, பங்குனி. மருதனார்மடத்துச் சந்தி தாண்டி, சுன்னாகம் பக்கம் திரும்புகிற ஒரு சிவப்பு மண் ஒழுங்கை. அதில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறான் கனிசியஸ். சட்டைக்குள் ஒரு கடதாசி. காகம்கூடக் கத்தவில்லை. சைக்கிள் சங்கிலி மட்டும் டக்... டக்...

ஆள் குருநகர். பட்டினத்தில் போட்டோக்கொப்பிக் கடை. கொப்பி எடுக்க எவனாலும் முடியும். இவனுடைய கெட்டித்தனம் வேறு. கறையான் தின்ற காணி உறுதிப் பத்திரம், மழையில் நனைந்த சாதகம், எது வந்தாலும் முதலில் ஒரு கொப்பி எடுத்து ஒதுக்கி வைப்பான். இரண்டாவது கொப்பியில் உள்ள கறை, மடிப்புக் கோடு, பூச்சிப் புள்ளி எல்லாவற்றையும் வெள்ளை மையால் மூடுவான். அறுந்த எழுத்தை மெல்லிய பேனையால் தொடுப்பான். பிறகு அதை வைத்து இன்னொரு கொப்பி. மூன்றாம் முறை எழுத்து அச்சடித்ததுபோல் எழும்பி நிற்கும். உறுதி எழுதுகிற கண் மங்கிய நொத்தாரிசும் கண்ணாடி இல்லாமல் வாசிப்பார்.

அதற்கு இரண்டு மாதம் முந்தி, தை மாதம் வந்தார் நமசிவாயம். சுன்னாகத்து வெங்காய வியாபாரி. கையில் தகப்பன் எழுதிவைத்த காணி உறுதி.

"எழுத்தைத் துலக்கி விடும் தம்பி. கீழை ஓரத்திலை ஒரு அழுக்குக் கிடக்கு, அதையும் துடைச்சு விடும்."

கனிசியஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணை, அழுக்கில்லை, எழுத்து. கிணத்திலை அரைப் பங்கு இளைய மகனுக்கும் பெண்சாதி மீனாம்பிகைக்கும் எண்டு கிடக்கு."

"குருநகர் ஆளுக்குக் கிணத்தைப் பற்றி என்ன கவலை? உமக்கு முழுக் கடலே கிடக்கல்லோ!"

இருவரும் சிரித்தார்கள். கடற்கரைக்காரனுக்கு அரைக் கிணறு பகிடிதான். தோட்டக்காரருக்கு அப்படியல்ல, தண்ணீர் முறை இல்லாத காணி வெறும் புழுதி. கனிசியசுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள மினக்கெடவும் இல்லை. தூரிகை ஒரு இழுப்பு... ஓரம் பளிச்சென்று வெள்ளை.

மூல உறுதியைக் கறையான் முடித்துவிட்டது என்றார் நமசிவாயம். காணி பதிகிற கந்தோருக்குப் போய்த் தேட, சண்டைக் காலமான அந்த நாட்களில் யார் துணிவார்? ஊர்ப் பெரியவர்கள் கொப்பியை வாசித்தார்கள். துப்புரவாக இருந்தது. நமசிவாயத்தின் தம்பியான புருசன் செத்தபின் தனியாக வெங்காயம் போட்டுப் பிழைத்த மீனாம்பிகைக்குத் தண்ணீர் நின்றது. பாத்தி பாத்தியாகக் கருகிப் போயிற்று.

ஒருநாள் அவளே கடைக்கு வந்தாள்.

"தம்பி, துடைக்க முதல் எடுத்த கொப்பி கிடக்கோ?"

கிடந்தது. மேசைக்குக் கீழே, கழிவுப் பெட்டியில். ஆனால் நமசிவாயம் நாளைக்கும் வருகிற வாடிக்கைக்காரர். இவள் இன்றோடு சரி.

"இல்லையக்கா."

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவனை.

"வடிவாத் துடைக்கிறீர். எனக்கும் பழக்கி விட்டீர்."

எட்டாம் நாள் அந்தக் கிணற்றில் மிதந்தாள்.

அதற்குப் பிறகுதான்... இயந்திரத்திலிருந்து கடதாசி சூடாக அல்லவா வரும்? அன்று குளிர்ந்து வந்தது. ஈரம். கிணற்றுப் பாசி மணம். கனிசியஸ் எடுத்தது தன் அடையாள அட்டையின் கொப்பி. பெயர் இருக்கவேண்டிய இடம் வெள்ளை. இயந்திரக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி எடுத்தான். பிறந்த திகதியும் இல்லை. மூன்றாம் முறை முகம் இல்லை. கழுத்துக்கு மேலே ஒரு மாசு மறு இல்லாத வெள்ளை.

அட்டையைத் திருப்பினான். அட்டையிலும் இல்லை.

மறுநாள் கடைக்கு வந்த ஒருவர், நேரே நின்ற இவனைப் பார்த்தபடியே, "கடையிலை ஒருத்தரும் இல்லையோ?" என்று இரண்டுதரம் கூப்பிட்டுவிட்டுப் போனார்.

கனிசியஸ் கழிவுப் பெட்டியைக் கிளறினான். முதல் கொப்பி கிடைத்தது. அந்த ஓர வரியும் இருந்தது. அதை நமசிவாயத்தின் வாயாலேயே ஊர் கேட்க வாசிக்க வைத்தால் மீனாம்பிகை விட்டுவிடுவாள், தன் பெயரும் முகமும் திரும்பும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அந்த உச்சி வெயிலில் ஒழுங்கை வழியே போனான்.

நமசிவாயம் முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "குணலட்சுமி! எத்தினைதரம் கூப்பிடுறது? சோத்தைப் போடடி!" இரண்டு முழத் தூரத்தில் அவர் மனைவி வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அக்கா, உங்கடை புருசன் கூப்பிடுறார்."

குணலட்சுமி சத்தம் வந்த பக்கம் கண்ணைச் சுருக்கினாள். "ஆரது வெய்யிலுக்கை பகிடி விடுறது? நான் கலியாணமே கட்டேல்லை."

கழுத்தில் தாலி தொங்கியது.

நமசிவாயம் ஓடிவந்து கனிசியசின் கையைப் பிடித்தார். "தம்பி... உமக்கு நான் தெரியிறனோ? உமக்குத் தெரியிறனோ?"

"வாசியும் அண்ணை! சத்தமா வாசியும்!"

அவர் வாசித்தார். தொண்டை கிழிய, மூன்று தரம். வெங்காயத் தாள் நறுக்குகிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது... சரக்... சரக்...

பிறகு கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலா கிரீச்சிட்டது. கிணற்றடியில் ஒருவரும் இல்லை. வாளி நிரம்பி மேலே வந்து சரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, மீனாம்பிகையின் கருகிய பாத்திப் பக்கம். கனிசியசின் கால்களை நனைத்துக்கொண்டு.

சைக்கிளையும் விட்டுவிட்டு ஓடினான். குருநகர் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

"மக்டலீன்... நான்..."

மனைவி வாசலுக்கு வந்தாள். அவனைத் தாண்டித் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து படியைப் பார்த்தாள். வெள்ளைச் சீமெந்தில் ஈரமான இரண்டு சிவப்புக் காலடிகள்.

"உந்தச் சிவப்பு மண் எங்காலை வந்தது?" என்று முணுமுணுத்தபடி நனைத்த துணியோடு குந்தினாள். வலது காலடியை அழுத்தித் துடைத்தாள்.

கனிசியஸ் குனிந்து பார்த்தான். அவனுக்கு வலது கால் இல்லை.

மக்டலீன் துணியைப் பிழிந்துவிட்டு, மற்றதற்குக் கையை நீட்டினாள்.