மணம் சேர்க்காத ஆறு குடுவைகள்

பாசி என்றால் வழுக்கும், பலருக்கும் அவ்வளவுதான் தெரியும். எனக்கு அது இருபத்தாறு வருஷம் சோறு போட்டது. விசாரணைக் குழுவில் இரண்டு பேர் நிர்வாகத் துறைக்காரர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் ரசாயனத்தை, நன்னீரில் வளரும் பச்சைப் பாசியோடு குடுவைகளில் கலந்து மூன்று நாள் வெளிச்சத்தில் வைப்போம். தினமும் மைக்ராஸ்கோப்பில் செல்களை எண்ணுவோம். ரசாயனமே சேர்க்காத ஆறு குடுவைகளும் கூட இருக்கும். அவற்றைக் கண்ட்ரோல் என்போம். அந்த ஆறிலும் பாசி மூன்று நாளில் பதினாறு மடங்காவது பெருக வேண்டும். பெருகாவிட்டால் மற்றக் குடுவைகளில் என்ன தெரிந்திருந்தாலும் சோதனை செல்லாது.

சோப்பில் சேர்க்கும் ஒரு வாசனைப் பொருள், மல்லிகை மாதிரி மணப்பது, பதினான்கு வருஷத்துக்கு முன் என்னிடம் வந்தது. பாசிக்குப் பெரிய கெடுதல் இல்லை என்று அறிக்கை எழுதினேன். வெளிநாட்டில்கூட அதை மேற்கோள் காட்டினார்கள். என் பதவி உயர்வுக்கும் அது உதவியது. அந்தச் சோதனையின் மூன்றாம் நாள் ஹர்த்தால், ஊரே கடையடைப்பு. என் வீடு இருக்கும் கோட்டையிலிருந்து பஸ் ஓடவில்லை. முதல் இரண்டு நாள் எண்ணிக்கையை வைத்து மூன்றாம் நாளை வீட்டிலிருந்தே எழுதினேன். அனுபவஸ்தன் எழுதினால் அதை ஊகம் என்று சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்பது என் துறையும் அல்ல.

போன வருஷம் அதே பொருளை மறுபடி சோதிக்கச் சொல்லி வந்தது. இசக்கிசெல்வியிடம் கொடுத்தேன். அவள் அப்பா ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவர். அம்மா ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து எம்.எஸ்ஸி. வரை வந்த பெண். நேர்முகத் தேர்வில் அவளை எடுத்ததே நான்தான், கோப்பில் என் கையெழுத்து இருக்கிறது. அவள் எண்ணிக்கையில் ஒரு செல் தப்பாது.

முதல் நாள் எண்ணிவிட்டு என் அறைக்கு வந்தாள்.

"சார், நீங்க சேஃப்னு எழுதின அளவுல பத்துல ஒரு பங்குக்கே பாசி வளரல்ல. பழைய ரிப்போர்ட்ல ஏதோ மிஸ்டேக் உண்டும்னு தோணுது சார்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு ஓய்வுபெறப் பதினோரு மாதம் இருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு, யாரும் வருமுன், ஆறு கண்ட்ரோல் குடுவைகளிலும் அந்த வாசனைக் கரைசலை எட்டு எட்டுத் துளி விட்டேன். பெருகிக்கொண்டிருந்த பாசி நின்றுவிட்டது. மூன்றாம் நாள் செல்வி ஒவ்வொரு குடுவையாக முகர்ந்து பார்த்தாள்.

"கண்ட்ரோல்லயும் மணக்கு சார். சத்தியமா நான் ஒண்ணும் ஊத்தல்ல."

அவள் தலையில் பிச்சிப்பூ இருந்தது. அது கண்ணில் படும்வரை என்ன சொல்வதென்று நான் யோசித்திருக்கவில்லை.

"பூ வெச்சிண்டு லேபுக்கு வரலாமோ, செல்வி? குனிஞ்சு குனிஞ்சு வேற பாக்கறே" என்றேன்.

அழுது மன்னிப்புக் கேட்டாள். இரண்டாம் சோதனைக்குப் பூ இல்லாமல் வந்தாள். அதுவும் செல்லாமல் போயிற்று. தலைக்கு என்ன எண்ணெய், என்ன சோப்பு என்று விசாரித்தேன். "ஆத்துல எல்லாரும் ஒரே ரூம்லதானே இருக்கேள்? உடம்புல, துணில ஒட்டிண்டு வரும். உன்மேல தப்பில்லே, இருக்கற இடம் அப்படி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். பக்கத்து மேசையில் வேலை செய்துகொண்டிருந்த இன்னோர் ஆய்வாளர் லிபி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

செல்வி எண்ணெயை விட்டாள், சோப்பை விட்டாள். மூன்றாம் சோதனைக்கு வந்தபோது முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். கழுவிக் கழுவி விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அதையும் நீங்கள் பதிவுசெய்ய வேண்டும். அந்த முறை குடுவைக்கு ஒரு துளி குறைத்துத்தான் விட்டேன்.

அவளுடைய ஒப்பந்தத்தை நிர்வாகம் புதுப்பிக்கவில்லை. அடுத்த வாரம் அவள் அம்மா சுடலைமாடத்தி என்னைப் பார்க்க வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பிள்ள சோறு திங்க மாட்டேங்கா சார். கைய கழுவிக்கிட்டே இருக்கா. என்னைய தொட விடமாட்டா, என் மேல வீச்சம் அடிக்காம். அவகிட்ட அப்படி என்ன கொறைன்னு நீங்களாவது சொல்லுங்க."

"கொறை ஒண்ணுமில்லேம்மா. எல்லாருக்கும் எல்லா வேலையும் ஒத்துக்காது. நல்ல எடமாப் பாத்துக் கல்யாணம் பண்ணி வெச்சுடுங்கோ" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். தன் உடம்பிலிருந்து தண்ணீரில் என்னதான் கலக்கிறது என்று தெரிந்துகொள்ள, கடைசிக் கண்ட்ரோல் நீரைச் செல்வி ஃப்ரீசரில் எடுத்துவைத்திருந்தாள். லிபி அதை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ஆறு குடுவையிலும் அதே ரசாயனம், அதே அளவில் இருந்தது. உடம்பிலிருந்து ஒட்டி வந்தால் ஆறிலும் ஒரே அளவு வராது என்று லிபி எழுதியிருக்கிறாள். சரியான தர்க்கம். நான் கற்றுக்கொடுத்ததுதான்.

ஆம், மூன்று முறையும் நான்தான் ஊற்றினேன். யாரும் தூண்டவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முந்தைய மூன்றாம் நாள் எண்ணிக்கையும் நான் இட்டுக்கட்டியதுதான்.

திங்கட்கிழமை செல்வியை மறுபடி வேலையில் சேர்க்க அழைத்திருந்தீர்கள். என்னையும் அங்கே நிற்கச் சொன்னீர்கள். லிபி ஒரு காலிக் குடுவையை எடுத்து நீட்டினாள். செல்வி இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் சேச்சி. நான் தொட்டா கெட்டுப்போவும்."

லிபி கட்டாயப்படுத்தி அவள் கையில் வைத்தாள். கை நடுங்கியது. குடுவை விழுந்து உடைந்தது. எல்லோரும் ஏன் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. நான் ஐந்தடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

இப்படி நடுங்குகிற கையை நம்பி எந்த ஆய்வகமும் ஒரு சோதனையை ஒப்படைக்காது. அந்தக் கைமேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.