மரப்பசை லோஷனும் ஒரு கறுப்புத் துணியும்

— இதென்ன, வெள்ளைத் துணியப் போத்தற? கறுப்புத் துணி எங்க? அதுலதானே விழற செதில் தெரியும்.

— துவைச்சுக் காயுது. தலையக் குனிங்க, கத்திரி கைல இருக்கு.

— போன மாசமும் அது காஞ்சுக்கிட்டுதான் இருந்தது.

— ஆமாமா, நம்ம வீட்டுத் துணி மெதுவாத்தான் காயும். காதை மடிச்சுப் பிடிங்க.

— மொதல்ல பின்மண்டை எப்படி இருக்கு, அதைச் சொல்லு.

— அப்படியேதான் இருக்கு.

— செதில் செதிலாவா?

— செதில் செதிலாத்தான்.

— ச்சே! அரிப்பு விட்டுடுச்சே, மருந்து கேட்டுடுச்சோன்னு நெனைச்சேன்.

— நெனைப்புதான். தினம் நான் தடவிவிட்டதுக்குத் தலகாணி உறை பூரா புகை நாத்தம், அதான் மிச்சம்.

— அது புகை இல்லம்மா. அதாவது, மரத்துல நாரெல்லாம் பிரியாம ஒரு பசை பிடிச்சு வச்சிருக்கு. லிக்னின்னு பேரு. எங்க பேப்பர் மில்லுல நாரை எடுத்துக்கிட்டு அந்தப் பசைய எரிச்சுடறாங்க. நான் அதை எரிக்காம, கேட்டலிஸ்ட் போட்டு துண்டு துண்டா உடைக்கறேன். அந்தக் கேட்டலிஸ்ட் இருக்கே, அதாவது, கூடவே இருந்து பிரிச்சு விடும், தனக்கு மட்டும் ஒண்ணும் ஆகாது.

— உங்க பெரியம்மா மாதிரின்னு சொல்லுங்க.

— சிரிக்க வைக்காத, காது போயிடும்! உடைஞ்சா ஒரு எண்ணெய் வருது. அதுலதான் என் தலைக்குத் தடவற இந்த லோஷன். அந்த வாசனைதான் உனக்குப் புகையாத் தெரியுது.

— சரிங்க விஞ்ஞானி. எண்ணெய்தான் வந்துடுச்சே, அப்புறம் ஏன் தோள் ரெண்டும் தொங்கிக் கிடக்கு?

— நாளைக்கு மேனேஜர்கிட்ட "கேக்கல"ன்னு சொல்லிடப் போறேன். மிச்ச எண்ணெயக் கொட்டிட்டு வேலைய நிறுத்தச் சொல்லுவாரு.

— கொட்டறதா? ஏங்க, வேற தலையா கிடைக்காது?

— என் தலைக்கே கேக்காததை அடுத்தவங்க தலையில எப்படித் தடவறது? எங்க மில்லு ஸ்டோர்காரர் பொண்ணுக்கும் இதே செதில்தான். தலையில துணி கட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போகுது. "மருந்து எப்ப சார் வரும்"னு பாக்கறப்பல்லாம் கேக்கறாரு. அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? என்ன, கத்திரிச் சத்தத்தையே காணோம்?

— ஒண்ணுமில்ல. ஒருவேளை சரியாயிடுச்சுன்னா மொதல்ல என்ன செய்வீங்க?

— சலூனுக்குப் போவேன். அன்னைக்குச் செதிலப் பாத்துட்டு அத்தனை பேர் முன்னாடி, "சார், வேற கடை பாத்துக்கோங்க"ன்னு சீப்பைக் கீழ வச்சானே, அதே கடைக்கு. கண்ணாடி முன்னாடி கால் மேல கால் போட்டு உக்காருவேன்.

— அதான் எனக்குத் தெரியுமே.

— என்ன தெரியும்?

— கொஞ்சம் இருங்க, வர்றேன்... இந்தாங்க, கறுப்புத் துணி.

— அதுக்குள்ள காஞ்சிடுச்சா?

— அது நனையவே இல்ல. பேசாம உக்காருங்க, வெட்டறேன்... ம், இப்ப மடியப் பாருங்க. என்ன விழுந்திருக்கு?

— முடி. நரைமுடியா விழுந்திருக்கு... ஏய், செதில் எங்க?

— போன மாசமே இல்ல. தொட்டுத்தான் பாருங்களேன். நீங்க தொட்டா சோதனை கெட்டுடும்னு கையக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சது போதும்.

— அடிப்பாவி! வழவழன்னு இருக்கே! ஏன்டி மறைச்ச?

— வீட்டுக்கு வந்தா போன், சாப்பாடு, தூக்கம். இந்த ஸ்டூல்ல உக்காந்தாதான் உங்க வாய் திறக்குது. எந்திரிச்சுப் போக முடியாது பாருங்க, காதுக்கிட்ட கத்திரி இருக்கே. மாசத்துல இந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு நீங்க. அதையும் சலூன்காரனுக்குத் தூக்கிக் குடுக்க மனசு வரலங்க. தப்புதான். அந்தக் கொழந்தை விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது. கோவமா? திட்டவாவது செய்யுங்க.

— நாளைக்கு மேனேஜர்கிட்ட "கேட்டுடுச்சு"ன்னு சொல்றேன். டாக்டர்கிட்ட காட்டிட்டு அந்தப் பொண்ணுக்கும் பாத்துடலாம். அதாவது... இந்த வீட்டுக்குள்ள மட்டும், என் தலைக்கு மருந்து கேக்கல. செதில் அப்படியேதான் இருக்கு. எந்தச் சலூன்லயும் என்னைச் சேக்க மாட்டாங்க. ம், குனிஞ்சுட்டேன், வெட்டு.