நடுவுல ஒருத்தி

— அந்தத் துப்பாக்கிய முதல்ல கீழ இறக்கு, குலே தம்பி. இப்படி நெத்தியில நீட்டுனா நல்லா இருக்கிறவளுக்கும் காய்ச்சல் வந்துரும்.

— காய்ச்சல் பாக்குற கருவிதானே, ஜெரேசி அக்கா. சரி, உங்களுக்கு இல்ல. பெரியவ மசிக்காவுக்கும் இல்ல, சின்னவ கபுகோவுக்கும் இல்ல.

— அப்ப கிளம்பு. அடுப்புல மரவள்ளி தீயுது.

— உங்க நாத்தனார் காங்கோவுலருந்து ஆத்தைக் கடந்து வந்து இங்கதான் படுத்திருந்தாங்க. எபோலாதான்னு இன்னைக்கு ரிசல்ட் வந்திருச்சு. அவங்களை யார் யார் தொட்டாங்க?

— நாங்க மூணு பேருந்தான். எத்தனை வாட்டி சொல்றது?

— அக்கா, நானும் உங்க கோன்சோ இனத்துக்காரன்தான், நம்மகிட்ட பொறந்த வரிசைப்படிதானே பேரு. நாலாவது பையன்னுதான் எனக்கு குலேன்னு பேரு வெச்சாங்க. முதல் பொண்ணு மசிக்கா, மூணாவது கபுகோ. நடுவுல ரெண்டாவது பொண்ணு, பீரா எங்க?

— அது... பொறந்தப்பவே போயிருச்சு.

— உசுரோட இருக்கிற புள்ளைய அப்படிச் சொல்லாதீங்க. கொடியில மூணு அளவுல பள்ளிக்கூடச் சட்டை காயுது.

— ஆமா, இருக்கா! இருந்தா குடுத்துருவேனா? நாத்தனாரைப் பைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்தீங்க. குளிப்பாட்ட விடல, மொகத்தைக் காட்டல. எம்புள்ளையையும் அந்த ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குத் தூக்கிட்டுப் போவீங்க.

— சீக்கிரம் வந்தா பொழைக்க வழி இருக்குக்கா. நான் மட்டும் ஆசைப்பட்டா சுத்துறேன்? வீட்டுப் பக்கமே போகல. எம்பொண்டாட்டி ஜோவியா நிறைமாசம். என்னால அவளுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி பெஞ்சுலயே படுத்துக்குறேன்.

— ஐயோ, கர்த்தரே!

— என்னக்கா? ஏன் அழுறீங்க?

— ஜோவியா மாதிரி மனசு யாருக்கும் வராதுய்யா. சர்ச் பாட்டுக் குழுவுல என் பக்கத்துல நின்னு பாடுறவ.

— அதை விடுங்க. பீரா அத்தையத் தொட்டாளா?

— தொட்டாளாவா? அவ மடியிலதான்யா உசுரே போச்சு.

— கடவுளே. இப்ப எப்படி இருக்கா?

— காலையிலருந்து காய்ச்சல். வாந்தியும் எடுக்குறாளாம்.

— எந்த வீட்டுல இருக்கா? சொல்லுங்கக்கா, இப்பவே வண்டியக் கூப்பிடுறேன். கூட யாரு இருக்கா?

— நீங்கதான் ஊர்ல எல்லாக் கதவையும் தட்டுனீங்களே. தட்டாத கதவு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. ஜோவியாவே வந்து கூட்டிட்டுப் போனா, தம்பி. இப்பவும் எம்பொண்ணு தலைய மடியில வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்காளாம்.